இருவர் சேர்ந்து ஆடும் கதைகள்: மொன்றியலில் இருந்து ஓர் அறிமுகம்

மொன்றியல் பழைய துறைமுகத்தில் தொடங்கி வடக்கே நீளும் சென் லோறன் வீதியில், மைல் எண்ட் பகுதியில், முன்பு உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையாக இருந்த கட்டடம் ஒன்று உள்ளது. இன்று அது யுபிசொஃப்ட் நிறுவனத்தின் கலையகம். 1997 இல் அந்நிறுவனம் இந்நகருக்கு வந்தது. கியூபெக் அரசின் வரிச்சலுகைகளால் வேறு பல விளையாட்டு நிறுவனங்களும் வந்து சேர்ந்தன. எங்கள் பிள்ளைகள் ஆடும் விளையாட்டுகள் சில நாங்கள் பஸ்சில் கடந்து போகும் கட்டடங்களிலேயே உருவானவை. ஆனாலும் பெற்றோராகிய நாங்கள் "எந்த நேரமும் கேம்" என்று ஏசுவதோடு நின்றுவிடுகிறோம். அவற்றுள் ஒரு வகையை இங்கே பார்ப்போம்.

எது இந்த வகை?

இருவர் ஒரே பக்கத்தில் நின்று, ஒரு கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஆடுவது. ஒருவர் வெல்ல மற்றவர் தோற்கும் போட்டி அல்ல. பெரும்பாலும் திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரே வீட்டிலோ, இணையம் வழியாக இரு நகரங்களிலோ இருந்து ஆடலாம்.

மொன்றியலில் உருவானவை

2005 இல் வந்த 'ஸ்பிளின்டர் செல்: கேயொஸ் தியரி'யில் இரு உளவாளிகளுக்கெனத் தனிப் பணிகள் இருந்தன. உயரமான இடத்தில் ஏற, ஒருவர் மற்றவரைத் தூக்கிவிட வேண்டும். 2008 இல் எலெக்ரோனிக் ஆர்ட்ஸின் மொன்றியல் கலையகம் 'ஆர்மி ஒஃப் ரூ'வை வெளியிட்டது. ஒருவர் எதிரியின் சூட்டைத் தன் பக்கம் இழுக்க, மற்றவர் சுற்றிவந்து தாக்குவார். அதன் நாயகர்கள் சோமாலியா, ஆப்கானிஸ்தான், ஈராக் என்று செல்லும் கூலிப்படையினர். போரை விட்டு ஓடிவந்த வீடுகளில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது எளிதல்ல.

அகதியாகப் போனவரின் விளையாட்டுகள்

இந்த வகையை வேறு திசைக்குத் திருப்பியவர் யோசெப் ஃபாரெஸ். 1977 இல் பெய்ரூத்தில் பிறந்து, லெபனான் உள்நாட்டுப் போரில் இருந்து தப்பி, பத்து வயதளவில் குடும்பத்தோடு சுவீடன் சென்றவர். திரைப்பட இயக்குநராக இருந்து விளையாட்டுத் துறைக்கு வந்தார். அவருடைய ஹேஸ்லைட் நிறுவனத்தின் மூன்று விளையாட்டுகளையும் தனியே ஆட முடியாது.

'எ வே அவுட்' (2018): சிறையில் இருந்து தப்பும் இருவர். ஒருவர் சுவரைக் குடையும்போது மற்றவர் காவலாளியைக் கவனிக்க வேண்டும்.

'இற் டேக்ஸ் ரூ' (2021): பிரிய முடிவெடுத்த கணவனும் மனைவியும் மகளின் கண்ணீரால் பொம்மைகளாகிறார்கள். ஓரிடத்தில் அவர் கையில் ஆணி, இவர் கையில் சுத்தியல். அவர் சுவரில் ஆணியை எறிந்தால்தான் இவர் அதில் சுத்தியலைக் கொழுவி ஊஞ்சலாடிக் கடக்கலாம். அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு விருது இதற்குக் கிடைத்தது.

'ஸ்பிளிற் ஃபிக்சன்' (2025): தாங்கள் எழுதிய கதைகளுக்குள்ளேயே அகப்பட்ட இரு இளம் பெண் எழுத்தாளர்கள்.

வாங்கும் முன்

மூன்றுக்கும் ஒருவர் வாங்கினால் போதும். இணையத்தில் சேரும் மற்றவர் இலவச நண்பர் அனுமதியோடு ஆடலாம். ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளோடு ஆட இது உதவும். அட்டையிலுள்ள வயதுக் குறியீட்டைப் பாருங்கள். 'எ வே அவுட்', 'ஆர்மி ஒஃப் ரூ' இரண்டும் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கானவை. 'இற் டேக்ஸ் ரூ' 13 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஏற்றது. ஆனால் பெற்றோர் பிரிந்த வீடுகளில் அதன் கதை பிள்ளையை நோகடிக்கலாம், பக்கத்தில் இருங்கள்.

எங்களுக்கு ஏன்?

1977 இன் 101 ஆம் சட்டத்தின் கீழ் எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிரெஞ்சில் படிக்கிறார்கள். வீட்டுத் தமிழ் "சாப்பிட்டியா, படிச்சியா" என்ற கேள்விகளாகச் சுருங்கிவிடுகிறது. இந்த விளையாட்டுகளில் தமிழ் இல்லை. ஆனால் பேசாமல் ஆட முடியாது. "பொறு, இப்ப எறியாதை", "நான் பிடிச்சிருக்கிறன், நீ பாய்" என்று இருவரும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பேச்சு எந்த மொழியில் என்பது எங்கள் கையில்.

எங்கள் விரல்கள் தடுமாறும், விழுவோம். பிள்ளை திரும்பி நின்று காத்திருப்பான், எந்தப் பொத்தானை அமத்துவது என்று சொல்லித் தருவான். அவன் சொல்லித் தர நாங்கள் கேட்டிருக்கும் நேரம் எங்கள் வீடுகளில் அதிகமில்லை. ஒரு சனிக்கிழமை மாலை, இரண்டாவது கொன்றோலரை நீங்கள் எடுத்துப் பாருங்கள்.