சஃபாரிக்குப் போகும் முன் கொஞ்சம் சரித்திரம்

அடுத்த ஆகஸ்டில் தான்சானியா போவது என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. பையனுக்குச் சிங்கம், எனக்கு மலை, தங்கமணிக்குக் கடற்கரை. மூன்றும் ஒரே நாட்டில் கிடைக்கிறது: செரங்கெட்டி, கிளிமஞ்சாரோ, ஜான்சிபார். ஏஜென்ட் கொடுத்த வழவழ புத்தகத்தில் 'மனிதன் கை படாத ஆப்பிரிக்கா' என்று போட்டிருந்தான். நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, கை படவே இல்லையா என்று தோண்ட ஆரம்பித்தேன். தோண்டியதில் பாதி, நான் பதினோரு வருஷமாகக் குப்பை கொட்டும் இந்த குஜராத்திலேயே வந்து முட்டியது.

முதலில் அந்த வார்த்தை. இங்கே ரயிலில் எதிர் சீட்டுக்காரர் கேட்கும் 'சஃபர்' தான் அது. அரபியிலிருந்து இந்திக்கு வந்தது போலவே சுவாஹிலிக்கும் போய் 'சஃபாரி' ஆனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்கு மிருகம் பார்ப்பது என்று அர்த்தமில்லை. கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு நடந்து போய்ச் சரக்கோடு திரும்பும் வியாபாரக் கூட்டத்தின் பயணம். முக்கியமான சரக்கு யானைத் தந்தம். அதோடு அடிமைகள்.

அந்தத் தந்தம் எங்கே போனது? பெரும்பங்கு ஜான்சிபார் வழியாக பம்பாய்க்கும் கட்ச் மாண்ட்விக்கும். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் கல்யாணப் பெண்ணுக்குத் தந்த வளையல் போடுவது அப்போது வழக்கமாக இருந்தது. எங்கள் மாடி வீட்டு பா, தன் மாமியாருடைய வளையல் என்று ஒரு ஜோடியைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருக்கிறார். ஒருமுறை காட்டினார். மஞ்சள் பூத்து, மெல்லிசாக, அழகாகத்தான் இருந்தது. எந்த யானையோ, யார் தலையில் சுமந்து வந்ததோ என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

ஜான்சிபார் சுல்தான் சுங்க வசூலைக் குத்தகைக்கு விடுவார். முப்பதுகளிலிருந்து ஐம்பதுகள் வரை (1830, 1850ஐச் சொல்கிறேன்) அதை எடுத்து நடத்தியவர் கட்ச் முந்த்ராவைச் சேர்ந்த ஜெய்ராம் ஷிவ்ஜி. கிராம்புக்கும் தந்தத்துக்கும் போலவே, வந்திறங்கும் ஒவ்வொரு அடிமைக்கும் தலைக்கு இவ்வளவு என்று வரி. 1860 வாக்கில் பிரிட்டிஷ் கான்சல் ரிக்பி, அங்கிருந்த இந்திய வியாபாரிகளிடமிருந்து மட்டும் ஆயிரக்கணக்கான அடிமைகளை விடுவித்தார். 1873ல் சந்தை மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது ஒரு தேவாலயமும், பக்கத்தில் குழிக்குள் கழுத்தில் சங்கிலியோடு நிற்கும் சிலைகளும் இருக்கின்றன. நீலக் கடலுக்கு அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

அடுத்தது செரங்கெட்டி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இங்கேதான். 1887ல் எரித்ரியாவில் இறங்கிய இத்தாலியப் படைக்குத் தீனியாக மாடுகள் கொண்டுவரப்பட்டன. அவை இந்தியாவிலிருந்து போனவை என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அவற்றோடு ரிண்டர்பெஸ்டும் இறங்கியது. நம் ஊரில் வெக்கை நோய் என்பார்களே, அதேதான். பத்தே வருஷத்தில் கண்டத்தின் தென்கோடி வரை போய்விட்டது. மாடே உலகம் என்றிருந்த மசாய்களின் மந்தைகள் அழிந்தன. 1892ல் ஙொரொங்கோரோ வழியாகப் போன ஆஸ்கர் பாமன், எலும்பும் தோலுமாகப் பிச்சை கேட்டு நின்ற மசாய்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். பிறகு வந்த வெள்ளைக்காரர்கள் ஆளில்லாத புல்வெளியைப் பார்த்து, இது ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று முடிவு கட்டினார்கள்.

1951ல் தேசியப் பூங்கா. 1959ல் மிச்சமிருந்த மசாய்களையும் ஙொரொங்கோரோ பக்கம் அனுப்பினார்கள். அங்கே மாடும் மனிதரும் விலங்கும் சேர்ந்திருக்கலாம் என்று வாக்கு. அந்த வாக்கின் கதை இன்னும் முடியவில்லை. 2022 ஜூனில் பக்கத்து லோலியண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்புக்கென்று அளந்து கல் நட்டபோது மசாய்களுக்கும் போலீசுக்கும் மோதல், ரத்தம்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு வெக்கை நோயை விரட்டிய பிறகுதான் வில்டபீஸ்ட் கூட்டம் பெருகியது. 1961ல் சுமார் இரண்டரை லட்சம், 1977ல் 13 லட்சம். நாம் காசு கொடுத்துப் பார்க்கப் போகும் அந்த மகா ஊர்வலத்தில் மாட்டு டாக்டருக்கும் பங்கு உண்டு. கை படாததாம்!

கிளிமஞ்சாரோ கதை சின்னது. 5,895 மீட்டர். 1889ல் உச்சி தொட்டவர்கள் ஹான்ஸ் மேயரும் லுட்விக் புர்ட்ஷெல்லரும் என்று புத்தகங்கள் சொல்லும். கூடாரமும் சோறும் சுமந்தவர்களின் பெயர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மேயர் சிகரத்துக்கு ஜெர்மன் சக்கரவர்த்தி பெயரை வைத்தார். 1961ல் சுதந்திரம் வந்ததும் அது 'உஹுரு' ஆனது. சுவாஹிலியில் விடுதலை.

இதையெல்லாம் கேட்ட தங்கமணி, "அப்போ போக வேண்டாங்கறீங்களா?" என்றாள். இல்லை, போகிறோம். திட்டத்தில் சின்ன மாற்றம் மட்டும். ஜான்சிபார் கடைசியில் இல்லை, முதலில். முதல் நாள் சந்தை இருந்த இடம், அப்புறம் கடல். செரங்கெட்டியில் ஒரு நாளைக் குறைத்து ஙொரொங்கோரோவில் ஒரு நாள் கூட்டல். மலையில் உச்சி வேண்டாம். மரங்கு வழியில் 2,700 மீட்டரில் இருக்கும் மண்டாரா குடிசை வரை போய் வந்தால் என் முட்டிக்குப் போதும். கூட வருபவர்களின் கூலியை மட்டும் பேரம் பேசுவதில்லை என்று முடிவு.

பையனிடம் மசாய் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ சிங்கம் இருக்கிறது அவங்க வீட்டிலயாப்பா?" என்றான்.

ஆமாம்டா என்றேன். வேறென்ன சொல்ல?