உயர் ஆற்றல் எலக்ட்ரான் குளிர்விப்பு

முடுக்கி வளையத்தில் சுற்றும் புரோட்டான், எதிர்ப்புரோட்டான் அல்லது அயனிக் கற்றையை, அதே வேகத்தில் சிறிது தூரம் உடன் ஓடும் எலக்ட்ரான்களைக் கொண்டு ஒடுக்கும் முறை. இங்கே வெப்பம் என்பது கற்றையின் வேகமன்று. துகள்கள் தமக்குள் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அலைபாய்வது. காந்தத்தால் மட்டும் இதைத் தணிக்க முடியாது. கற்றையின் அகலத்தைக் குறுக்கினால் கோணச் சிதறல் கூடிவிடும். கொதிக்கும் பால் செம்பைத் தண்ணீரில் வைத்தால் சூடு தண்ணீருக்குப் போவதுபோல, அந்த அலைச்சல் எலக்ட்ரான்களுக்குப் போகிறது. எலக்ட்ரான்கள் புதிது புதிதாக வந்துகொண்டே இருப்பதால் இந்தத் தண்ணீர் சூடேறுவதில்லை.

சோவியத் இயற்பியலாளர் கெர்ஷ் புத்கெர் 1966இல் இதை முன்மொழிந்தார். நோவோசிபிர்ஸ்க்கில் அவர் தலைமையேற்றிருந்த அணுக்கரு இயற்பியல் நிலையம் 1974இல் செய்து காட்டியது. வேகம் ஒத்திருக்க, புரோட்டானின் ஆற்றலில் 1836இல் ஒரு பங்கு எலக்ட்ரானுக்குப் போதும். அங்கே 35 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டே தேவைப்பட்டது. வழிகாட்டும் காந்தப்புலம் எலக்ட்ரான்களின் பக்கவாட்டு அசைவைக் கட்டிப்போட்டதால், கணித்ததைவிட விரைவாகவே கற்றை குளிர்ந்தது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகமும் 1979இல் இதைச் செய்தது.

ஆற்றல் கூடக்கூடக் குளிர்விக்கும் நேரம் செங்குத்தாக ஏறுகிறது. ஆனாலும் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்துக்கு உயர் ஆற்றலிலும் இம்முறை மிகவும் தேவைப்பட்டது: ஓர் எதிர்ப்புரோட்டானைப் பிடிக்கப் பல்லாயிரம் புரோட்டான்களை இலக்கில் மோத வேண்டும், பிடித்ததைச் சிதறவிட முடியாது. அதன் ரீசைக்ளர் வளையத்தில் 8 கிகா எலக்ட்ரான் வோல்ட் எதிர்ப்புரோட்டான்களுக்கு 4.3 மெகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான்கள் வேண்டியிருந்தன. உலோக உருளைகளைக் கோத்த சங்கிலி மின்னூட்டத்தைச் சுமந்து ஏற்றும் பெல்லெட்ரான் அந்த மின்னழுத்தத்தைத் தந்தது. ஆனால் 0.1 ஆம்பியர் கற்றைக்கே 430 கிலோவாட் வேண்டும்; சங்கிலி ஏற்றுவதோ ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவு. எனவே வேலை முடித்த எலக்ட்ரான்களைத் திருப்பி அதே மின்னழுத்தத்துக்கு எதிராக ஏறவிட்டு, ஆற்றலை மீட்டார்கள். இழப்பு லட்சத்தில் ஓரிரு பங்குக்குள் நிற்க வேண்டும். இழப்பை அந்த அளவுக்குள் நிறுத்திய பொறுமையான உழைப்பே இத்துறையின் உண்மையான சாதனை. 2005 ஜூலையில் முதல் குளிர்விப்பு நடந்தது; 2011இல் ஆய்வகத்தின் மோதல் வளையமான டெவட்ரான் மூடப்படும்வரை அது பயன்பட்டது.

2019இல் புரூக்ஹேவன் ஆய்வகம், ரேடியோ அலைவரிசை முடுக்கியில் உருவான எலக்ட்ரான் கொத்துகளால் தங்க அயனிகளைக் குளிர்வித்தது. மோதும் ஆற்றலிலேயே மோதல் வளையத்தின் கற்றைகள் குளிர்ந்தது அதுவே முதல் முறை.

இன்னும் உயர்ந்த ஆற்றலில், 275 கிகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான்களுக்கு 150 மெகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான்கள் தேவை. பழைய முறை அங்கே மிகவும் மெதுவானது. அயனி தன் தடத்தை எலக்ட்ரான் கற்றையில் பதிக்க, அதைப் பெருக்கி அயனிக்கே திருப்பித் தரும் ஓரியல் எலக்ட்ரான் குளிர்விப்பு அதற்காக ஆராயப்படுகிறது. அதன் மூலக் கருத்து யாரஸ்லாவ் தெர்பெனெவுடையது.