மராமத்து நோட்டும் வரும் ஆண்டின் வேலைகளும்

மழை விட்டுவிட்டது. ஐப்பசியும் கார்த்திகையும் ஆடிய ஆட்டத்தில் எந்தச் சுவர் ஊறியது, மாடியில் எங்கே தண்ணீர் தேங்கியது, எந்த உத்திரத்தின் முனை கறுத்தது என்று பார்த்துக் குறித்துக்கொள்கிற காலம் இது. மார்கழியில் கொத்தனாருக்குச் சொல்லிவைத்து, போகிக்குள் வெள்ளையடித்து முடிப்பது பழைய புதுச்சேரிக்காரர்களின் வழக்கம். இப்போது வெள்ளையடிப்பவர் யார்? எல்லாம் டப்பா பெயிண்ட்தான்.

எங்கள் வீடு மிஷன் வீதிக்கு மேற்கே, தாழ்வாரம், திண்ணை, முற்றம் எல்லாம் வைத்த பழைய தமிழ் வீடு. தாத்தாவின் அப்பா கட்டியது. எனக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் சமபங்கு. தம்பி பிரான்சில் இருக்கிறான். "அண்ணே, உங்களுக்கும் எழுபது தாண்டியாச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு இந்தச் சுவரோட மல்லுக்கட்டுவீங்க? கொடுத்துடலாம்" என்கிறான். இடித்துவிட்டு நாலு மாடி எழுப்பலாம் என்று ஒருவர் இரண்டு முறை வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார். தங்கை எந்தப் பக்கமும் பேசவில்லை. நான் ஒரு வருஷம் அவகாசம் கேட்டிருக்கிறேன், வரும் தையிலிருந்து அடுத்த தை வரை. அதற்குள் வீட்டை ஒழுகாமலும் ஓதம் ஏறாமலும் ஆக்கிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கே தொடங்குவது என்று யோசித்தபோது கைக்கு வந்தது தாத்தாவின் நோட்டு. துணி பைண்டிங். அட்டையில் "மராமத்து" என்று ஒரே சொல். 1930களில் ஆரம்பிக்கிறது. செலவை ரூபாய், பணம், காசு என்று மூன்று பத்தியாகப் பிரித்து எழுதியிருக்கிறார். இளையவர்களுக்குச் சொல்கிறேன்: பிரெஞ்சுக்காரர் காலத்தில் 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். வருஷா வருஷம் அதே ஐந்தாறு வரிகள்: கிளிஞ்சல் சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம், தட்டோடு, கொத்தனார் கூலி, சித்தாள் கூலி. யுத்த காலத்தில்கூட ஒரு வருஷமும் விடவில்லை. செலவு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். 1954 நவம்பர் 1ஆம் தேதி ஊர் கைமாறியது. அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து அணாக் கணக்கு வருகிறது, கொஞ்ச நாளில் அப்பாவின் கையெழுத்து வருகிறது, 1957க்குப் பிறகு நயா பைசா வருகிறது. சுண்ணாம்பும் கடுக்காயும் மட்டும் மாறவில்லை.

இந்த வரிகளுக்கு அர்த்தம் தெரிய வேண்டுமானால் நம் ஊர் வீடுகள் எதனால் ஆனவை என்று பார்க்க வேண்டும். 1761 ஜனவரியில் பிரெஞ்சுக்காரர் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாள் முன்னால்தான் கண்ணை மூடினார். அந்தக் காட்சியைப் பார்க்கும் கொடுமை அவருக்கு இல்லை. கோட்டையையும் வெள்ளைப்பட்டணத்தையும் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் ஊர் திரும்பக் கிடைத்ததும் லா த லோரிஸ்தோன் துரை காலத்தில் மறுபடி கட்டினார்கள். தெருக்கள் பெரும்பாலும் பழைய கோட்டிலேயே வந்தன. அந்தக் கோடே 1693 முதல் 1699 வரை ஊரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட வரைபடம் என்பார்கள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உயர்ந்த மதிலும் தோட்டமும், மேற்கே தாழ்வாரமும் திண்ணையும். பார்வைக்கு இரண்டு ஊர். ஆனால் இரண்டையும் கட்டியது நம் கொத்தனார்கள்தான். செங்கல், சுண்ணாம்பு, தேக்கு. இந்த மூன்றுக்கு மேல் நாலாவது பொருள் கிடையாது. பிறகு சைகோன் பணம் வந்தவர்கள் மாடி எடுத்து, வளைவு ஜன்னலும் கைப்பிடிச் சுவரில் பூச்சாடியும் வைத்தார்கள். கீழே திண்ணை, மேலே பிரான்சு. அதற்கும் அதே சுண்ணாம்புதான்.

மொட்டை மாடி போடுகிற விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்த்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறோம். தேக்கு உத்திரம். அதன் மேல் நெருக்கமாகச் சட்டங்கள். சட்டங்களின் மேல் மெல்லிய அச்சுக்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டுவார்கள். ஒரு நாள் இரண்டு நாள் வேலையா அது? கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, கட்டை துள்ளித் திரும்புகிற அளவுக்கு இறுகும்வரை தட்டுவார்கள். பாட்டும் நடக்கும். கடைசியில் தட்டோடு பதித்து, இடுக்கை அடைப்பார்கள். நான் சிறுவனாக இருந்தபோது பக்கத்து வீட்டு மாடியில் இது நடந்தது. அந்தச் சத்தத்தில் எங்கள் தெருவில் ஒருவரும் மதியம் தூங்கவில்லை.

சுண்ணாம்பின் குணம் என்னவென்றால், அது ஈரத்தை வாங்கும், வெயிலில் திருப்பி விட்டுவிடும். கடலோரத்து மண். அடியிலிருந்து உப்புத் தண்ணீர் செங்கல் வழியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த உப்பைத் தானே வாங்கிக்கொண்டு உதிரும். உள்ளே செங்கல் பிழைத்துக்கொள்ளும். உதிர்ந்த இடத்தை வருஷா வருஷம் பூச வேண்டும், மேலே வெள்ளையடிக்க வேண்டும். சுண்ணாம்பு வீடு நிற்கிற முறையே அதுதான், அதில் குறை ஒன்றும் இல்லை. தாத்தா நோட்டில் ஒவ்வொரு ஆண்டும் அதே வரிகள் வந்த காரணம் இது.

இங்கே ஒரு சின்ன விஷயம். கல்வே கல்லூரியில் பிரெஞ்சு வகுப்பில் படிக்கும்போது எங்கள் வாத்தியார் சுண்ணாம்புக் கட்டியில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். புஸ்ஸென்று புகைந்து பானை கொதித்தது. பிரெஞ்சில் சுண்ணாம்புக்கும் 'ஷோ', சூட்டுக்கும் 'ஷோ'. எழுத்து வேறு, உச்சரிப்பு ஒன்று. சுட்ட சுண்ணாம்பை 'ஷோ வீவ்' என்பார்கள், உயிருள்ள சுண்ணாம்பு. நீற்றியதை அணைந்த சுண்ணாம்பு என்பார்கள். நம் தமிழில் 'நீற்றுதல்' என்ற சொல் எனக்கு அதைவிடப் பிடிக்கும். நீறு என்றால் திருநீறும்தானே.

சிமெண்ட் எப்போது வந்தது? இந்தியாவில் அது 1914 முதலே உற்பத்தி ஆனது. ஆனால் நம்மைப் போன்ற சாதாரண வீட்டுக்கு அது எளிதில் எட்டவில்லை. 1970களில் சிமெண்ட் மூட்டைக்குப் பர்மிட் வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல்யாணத்துக்கு முன் வீட்டைச் செப்பனிட வேண்டும் என்று பத்து மூட்டை கேட்டு மனு எழுதி, பத்திரிகையையும் இணைத்துக் கொண்டுவருவார்கள். பாதி கிடைக்கும். கிடைக்காதவர்கள் பேசாமல் சுண்ணாம்புக்கே போனார்கள். அந்தத் தட்டுப்பாடுதான் பல பழைய வீடுகளைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம். 1982 பிப்ரவரி கடைசியில் கட்டுப்பாட்டைப் பாதி நீக்கினார்கள்; 1989 மார்ச்சில் முழுவதும் போனது. கடைக்குக் கடை மூட்டை அடுக்கினார்கள். அரைக்கவும் ஊறவைக்கவும் காத்திருக்கவும் தேவையில்லாத பொருள், காலையில் பூசினால் மறுநாள் கல். யார்தான் வேண்டாம் என்பார்கள்? சுண்ணாம்புச் செக்குகள் பத்து வருஷத்தில் காணாமல் போயின. அதோடு கொத்தனார்களின் கைப்பழக்கமும் போயிற்று.

எங்கள் நோட்டில் 1983ஆம் வருஷப் பக்கத்தில் பெரியப்பாவின் கையெழுத்தில் ஒரே வரி: சிமெண்ட் 40 மூட்டை. முன் சுவரை இடுப்பளவுக்கும், மாடியை முழுவதுமாகவும் பூசினார்கள். அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து வெறும் தாள். இனிமேல் மராமத்தே வேண்டாம் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். வெளியே வர வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறியது. சிமெண்ட் எட்டிய உயரத்துக்கு மேல் பூச்சு பொரிந்தது. ஒரு கைப்பிடிப் பெயர்த்துப் பார்த்தால் உள்ளே செங்கல் மாவாக இருக்கிறது. மாடியில் வெயிலுக்கு விரிந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கி உத்திரத்தில் உட்கார்ந்தது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் தாழ்வாரத்து ஓடுகளைக் கொண்டுபோனது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல், ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அன்றிரவு கூடத்தில் ஏழு பாத்திரம் வைத்தோம்.

நம் ஊரில் இதற்குப் பெரிய உதாரணம் கடற்கரைச் சாலையில் இருந்தது. மேரி கட்டடம், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம், எத்தனை பேருடைய பிறப்பும் கல்யாணமும் பதிவான இடம். மராமத்து இல்லாமல் மூடிக்கிடந்து, 2014 நவம்பர் மழையில் விழுந்தது. அதே முகத்தோடு புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. எனக்கு அதன் எதிரில் நிற்கும்போது, ஒவ்வொரு வருஷமும் ஒரு வண்டி சுண்ணாம்பு போயிருந்தால் என்ற கணக்குதான் ஓடுகிறது. இதற்கு நேர்மாறாக வைசியாள் வீதியைச் சொல்லலாம். இன்டாக் அமைப்பும், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டமும் சேர்ந்து 2002 முதல் அங்கே வீடுகளின் முகப்பை மீட்டார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருதுகளில் ஒன்று அதற்குக் கிடைத்தது. விருதைவிட எனக்கு முக்கியம், அந்த வேலையால் சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார்கள் சிலர் மறுபடி உருவானார்கள் என்பது. எனக்குக் கிடைத்திருக்கிற கொத்தனாரும் அப்படிப் பழைய வீடுகளில் பழகியவர்தான்.

அவரும் நானும் திண்ணையில் உட்கார்ந்து போட்ட திட்டம் இது. தை பிறந்ததும் கொல்லையில் குழி வெட்டிச் சுண்ணாம்பை நீற்றிப் போட்டுவிட வேண்டும். ஒரு மாதமாவது ஊறினால்தான் வெண்ணெய் மாதிரி வரும். மாசியில் முன் சுவரின் சிமெண்டைப் பெயர்த்துவிட்டு, செங்கல்லை அப்படியே காயவிடுவது. நாலைந்து மாதம் வீடு தோல் உரித்தாற்போல நிற்கும். "தெருவில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்" என்று வீட்டம்மா கேட்டார். நினைக்கட்டும். நாற்பது வருஷ ஈரம் நாலு நாளில் போகாது. கத்தரி வெயிலும் அதன் மேல் அடிக்கட்டும். பூக்கிற உப்பை வாரம் ஒருமுறை காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுவது என் வேலை. மாடியைப் பங்குனியிலேயே தொடங்கி, கெட்டுப்போன சட்டங்களை மாற்றி, ஈரச்சாக்கு போட்டு மெதுவாக உலர்த்த வேண்டும்; சுண்ணாம்பு அவசரப்பட்டால் வெடிக்கும். சுவர்ப் பூச்சு ஆனி, ஆடியில். புரட்டாசிக்குள் மழைநீர்க் குழாய்கள், முற்றத்துச் சாக்கடை, தாழ்வாரத்து ஓடு. மார்கழியில் வெள்ளை, கொஞ்சம் நீலம் கலந்து.

கூலிக்கு விடாமல் நானே செய்கிறவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். பிரெஞ்சில் 'பிரிக்கோலாழ்' என்று ஒரு சொல் உண்டு. தம்பி அங்கே சனிக்கிழமைதோறும் அதைத்தான் செய்கிறான். சொந்தக் கையால் அலமாரி அடித்து எனக்குப் படம் அனுப்புகிறான். இங்கே என் பங்கு, தாழ்வாரத்துத் தூண்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவுவது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தோல் வெந்துவிடும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசஞ்செடியை வேரோடு எடுப்பதும் உண்டு, அதை விட்டால் சுவரையே பிளக்கும். ஏணி ஏறுவதற்கு மட்டும் வீட்டில் தடை. அதனால் பேரன் ஏறுவான், நான் கீழே நின்று சொல்வேன்.

செலவுக்கு அலுவலகப் பழக்கப்படி இரண்டு பத்தி போட்டேன். ஒன்று, இந்த ஆண்டு செய்தால் ஆகிற செலவு. மற்றது, ஒத்திப்போட்டால் அடுத்த ஆண்டு ஆகிற செலவு. உத்திரங்களுக்கு நேரே இரண்டாவது பத்தியில் இருக்கிற தொகையைப் பார்த்துவிட்டுத் தங்கை முதல்முறையாக வாய் திறந்தாள். தன் பங்குக்கு மாடிக்கு ஆகும் செலவில் மூன்றில் ஒன்றைத் தருவதாகச் சொன்னாள். தம்பிக்கு 1983ஆம் பக்கத்தையும் அதற்கடுத்த வெறும் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று நீலக்கோடு காட்டுகிறது. பதில் இன்னும் இல்லை.

கொத்தனார் முதலில் கேட்டது ஆறு கிலோ கடுக்காய். பெரிய மார்க்கெட் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஐயா, வயிறு அவ்வளவு மோசமா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே ஒரு கிலோவை எடைபோட்டுக் கொடுத்தார். பாக்கி ஐந்து கிலோவுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார். தை முதல் வாரம் வரும்.