துருக்கிய விகுதிகளும் கால்டுவெல்லின் கருதுகோளும்

கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. திராவிட மொழிகள் சமஸ்கிருதத்தினின்று பிறந்தவை அல்ல என அந்நூல் விரிவாக நிறுவியது. அம்முடிவு இன்றும் நிலைபெற்றுள்ளது. அதே நூல் திராவிட மொழிகளைத் துருக்கியம், பின்னியம், மங்கோலியம் முதலியவை அடங்கிய 'சித்தியத்' தொகுதியோடு உறவுபடுத்தியது, அக்கருத்து நிலைக்கவில்லை. மாக்ஸ் முல்லரும் 1854-இல் 'துரானியம்' என்னும் பெயரில் இத்தகையதொரு பெருந்தொகுதியை வகுத்திருந்தார். இருவருக்கும் சொற்களின் ஒட்டுநிலை அமைப்பு ஒரு முதன்மைச் சான்று. 'துருக்கியமும் தமிழும் ஒரே குடும்பம்' என்ற கூற்று இன்றும் வகுப்பறைகளில் ஒலிப்பதால், அச்சான்றின் வலிமையை ஆராய்வது தேவையாகிறது.

ஒற்றுமை உண்மையானதே. துருக்கியத்தில் 'எவ்' என்றால் வீடு; 'எவ்-லெர்-தெ' என்றால் வீடுகளில். பெயர், பன்மை விகுதி, வேற்றுமை உருபு என்னும் வரிசை இரு மொழிக்கும் பொது. 'கெல்-தி-ம்' என்பது வந்தேன். பகுதி, காலம் காட்டும் உறுப்பு, தன்மை ஒருமை விகுதி என அதுவும் நம் பகுபதம் போலவே பிரிகிறது.

ஆயின் அடுத்த படியிலேயே வழிகள் பிரிகின்றன. 'என் வீடுகளில்' என்பது துருக்கியத்தில் 'எவ்-லெர்-இம்-தெ'. உடைமை காட்டும் 'இம்' பன்மைக்கும் வேற்றுமைக்கும் இடையே ஒட்டுகிறது. தமிழிலோ 'என்' தனிச்சொல்லாய் முன்நிற்கிறது. 'கெல்-மெ-தி-ம்' என்றால் 'நான் வரவில்லை'. எதிர்மறை, காலம், இடம் மூன்றும் ஒரே வினையில் அடங்குகின்றன. தமிழின் 'வாரேன்' காலம் காட்டாது. 'வரவில்லை' இடம் காட்டாது. மேலும், 'எவ்' என்பதற்கு 'லெர்' வர, குதிரையைக் குறிக்கும் 'அத்' என்பதற்கு 'லர்' வருகிறது. விகுதியின் உயிர் சொல்லின் உயிருக்கு இசைந்து மாறும் இந்த உயிரொலி இயைபு தமிழ் விகுதிகளுக்குரிய பொதுவிதி அன்று.

இவ்வேறுபாடுகள் மட்டுமே உறவை மறுத்துவிடா. ஒட்டுநிலை அமைப்பு மட்டுமே உறவை நிறுவிவிடவும் இயலாது. ஜப்பானியமும் சுவாகிலியும் ஒட்டுநிலை மொழிகளே. அவற்றை ஒரு குடும்பத்தில் எவரும் சேர்ப்பதில்லை. எல்லிஸ் 1816-இல் தென்னிந்திய மொழிகளின் உறவைக் காட்டியபோது வேர்ச்சொற்களையே ஒப்பிட்டார். தமிழ் செவி, செய், சேரி என்பவற்றுக்குக் கன்னடத்தில் கிவி, கெய், கேரி என வருவதைக் காண்க: முன்னுயிருக்கு முன் சகரத்துக்குக் ககரம் என்னும் ஒழுங்கு திரும்பத் திரும்ப அமைகிறது. பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி இத்தகைய இணைகளின் பெருந்தொகுப்பு. தமிழுக்கும் துருக்கியத்துக்கும் இடையே இவ்வாறான ஒலியொழுங்கு இதுவரை நிறுவப்படவில்லை.

விகுதிகள் ஒட்டும் முறை ஒரு மொழியின் வகையைச் சொல்லும். அதன் பிறப்பைச் சொல்லாது. ஒப்பிலக்கணம் பயிலும் மாணவர் முதலில் பற்றிக்கொள்ள வேண்டிய வேறுபாடு இதுவே.