தலைவர் இல்லாத வேளையில் ஒரு கொடி

1932ஆம் ஆண்டின் தொடக்கம் இந்திய விடுதலை இயக்கத்திற்குப் பெருஞ்சோதனைக் காலமாக அமைந்தது. இலண்டன் வட்டமேசை மாநாட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய காந்தியடிகள் 1931 டிசம்பர் 28 அன்று பம்பாயில் வந்திறங்கினார். அதற்கு இரு நாட்கள் முன்னரே ஜவஹர்லால் நேரு கைதாகியிருந்தார். சனவரி 4 அன்று காந்தியடிகளும் வல்லபாய் பட்டேலும் சிறைப்பட்டனர். அவசரச் சட்டங்கள் பிறந்தன. காங்கிரசு அமைப்புகள் தடைசெய்யப்பட்டன. தலைவர்களைச் சிறையில் அடைத்துவிட்டால் தொண்டர்கள் தாமே கலைந்துவிடுவர் என்பது ஆட்சியாளரின் கணக்கு.

அக்கணக்கைப் பொய்யாக்கிய ஊர்களுள் ஒன்று திருப்பூர். அன்று அது கோவை மாவட்டத்துப் பஞ்சு வணிக நகரம். கதர் இயக்கத்தின் முதன்மையான மையங்களில் ஒன்று. இன்று ஊருக்குப் பெயர் தேடித்தந்துள்ள பனியன் தொழில் அப்போதுதான் முளைவிட்டிருந்தது.

இவ்வூருக்குப் பிழைப்புத் தேடி வந்தவர் குமரன். 1904 அக்டோபர் 4 அன்று சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். வறுமை அவரது படிப்பைத் தொடக்கப் பள்ளியோடு நிறுத்தியது. தறியில் அமர்ந்தார், தறி சோறு போடாத நிலையில் திருப்பூரில் பஞ்சு எடைபோடும் பணியில் சேர்ந்தார். தேசபந்து வாலிபர் சங்கத்து இளைஞர்களோடு இணைந்து கதரும் நாட்டுப்பற்றும் பரப்பினார். மேடைப் பேச்சாளர் என்றோ, பதவி வகித்தவர் என்றோ அவரைப் பற்றிச் சொல்வதற்கில்லை.

காந்தியடிகள் கைதான ஆறாம் நாள், சனவரி 10 அன்று, தடையை மீறிப் பி. எஸ். சுந்தரம் தலைமையில் திருப்பூரில் ஊர்வலம் புறப்பட்டது. காவலர்களின் தடியடி தொண்டர்கள் மீது இறங்கியது. சுந்தரம் கடுமையாகத் தாக்கப்பட்டார். மண்டை உடைந்து வீழ்ந்த குமரனின் கை கொடியை விடவில்லை. மறுநாள் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 27. இளம் மனைவி இராமாயி கைம்பெண்ணானார்.

'கொடி காத்த குமரன்' என்னும் அடைமொழி அழகியது. ஆயினும் அவ்வழகு இரண்டு உண்மைகளை மறைத்துவிடுகிறது. முதலாவது, அவர் ஏந்திய கொடியின் பொருள். 1931இல் காங்கிரசு ஏற்ற மூவண்ணக் கொடியின் நடுவே இராட்டை இருந்தது. அது கதரில் நெய்யப்பட வேண்டும் என்பது இயக்கத்தின் நெறி. பஞ்சை நிறுத்தும் தொழிலாளி, நெசவாளியின் மகன், நூலும் துணியுமே வாழ்வாகக் கொண்ட ஊரில் அக்கொடியைப் பிடித்தார். நாட்டின் சின்னமும் அவருடைய உழைப்பின் சின்னமும் அங்கே ஒன்றாயின.

இரண்டாவது, அவர் எதிர்கொண்ட அறைகூவலின் தன்மை. முன்னே நின்று வழிகாட்டப் பெருந்தலைவர் எவரும் வெளியில் இல்லை. உலகம் தம்மைப் பார்க்கும் என்ற உறுதியும் இல்லை. பத்தாண்டுகள் கழித்து, 1942 செப்டம்பரில், வங்கத்துத் தம்லுக்கில் மாதங்கினி ஹஸ்ராவும் அசாமின் கோபூரில் கனகலதா பரூவாவும் கொடியேந்திச் சுடப்பட்டு மாண்டனர். அப்போதும் தலைவர்கள் சிறையில்தான் இருந்தனர். ஒரு முதியவளும் ஓர் இளம்பெண்ணும் அந்த வெற்றிடத்தை நிரப்பினர்.

குமரனின் நூற்றாண்டில், 2004இல், அஞ்சல்தலை வெளிவந்தது. திருப்பூரில் அவருக்கு நினைவகம் உண்டு; பரபரப்பான சாலையொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அச்சாலையில் நாள்தோறும் விரைவோரில் பலர், அவரைப் போலவே வேற்றூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்து துணித் தொழிலில் உழைப்போர். அவர்கள் தம்முள் ஒருவராகக் குமரனைக் காண வேண்டுமாயின், கொடியேந்திய சிலைக்கு முன்பிருந்த, தராசு பிடித்த மனிதரையும் நம் கவிஞர்கள் பாட வேண்டும். பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம் அப்பணியைத் தனதாக ஏற்பது, நாம் வாழும் மண்ணுக்குச் செலுத்தும் கடனாகும்.