பெயரில்லாத முகங்களும் இலவச மென்பொருளும்

நம் பேட்ச் 2010-ல் ஒன்றுகூடியபோது எடுத்த டிஜிட்டல் படங்கள் 600-க்கு மேல். அவற்றையெல்லாம் பிக்காசா என்ற இலவச மென்பொருளில் அடுக்கி, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் தட்டி வைத்தவன் அடியேன். இரண்டு மாதம் பிடித்தது. "உங்களுக்கு வேற வேலையே இல்லியா?" என்று வீட்டில் கேட்டார்கள். 2017-ல் கணிப்பொறியை மாற்றினேன். படங்கள் வந்து சேர்ந்தன, பெயர்கள் வரவில்லை. ஏன் என்று தேடப் போன இடத்தில்தான் இந்தச் சரித்திரம் கிடைத்தது.

படத்தைக் கணிப்பொறியில் திருத்தும் கலையே மாணவர் கையில் வளர்ந்ததுதான். 1987-ல் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தாமஸ் நோல் எழுதிய சின்ன நிரல், தம்பி ஜானின் துணையோடு வளர்ந்து, 1990-ல் அடோபி நிறுவனத்தின் போட்டோஷாப் ஆயிற்று. அது காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு. நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத விலை.

அடுத்து வந்தவர்கள் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ். வகுப்புக்காக எழுதிய கம்பைலர் புராஜெக்ட் சரிப்பட்டு வரவில்லை. (நமக்கும் அந்த அனுபவம் உண்டல்லவா!) அதை விட்டுவிட்டு, படம் திருத்தும் மென்பொருள் ஒன்றை எழுதலாம் என்று இறங்கினார்கள். 1995 நவம்பரில் உலகுக்கு அறிவித்தார்கள். அதுதான் கிம்ப். திரையில் பட்டனும் பெட்டியும் வரைய அவர்கள் முதலில் நம்பியிருந்தது மோட்டிஃப் என்ற விலைக்கு விற்கும் தொகுப்பை. அது பிடிக்காமல் போகவே, சொந்தமாக ஜிடிகே என்று ஒன்றை எழுதிக்கொண்டார்கள். பின்னாளில் லினக்ஸில் க்னோம் என்ற முழுத் திரைச் சூழலே அந்த ஜிடிகே மேல்தான் எழுந்தது. லினக்ஸின் சின்னமான பென்குவினை 1996-ல் லேரி யூயிங் வரைந்ததும் கிம்ப்பில்தான்.

இனி நடந்ததுதான் முக்கியம். இருவரும் படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விட்டார்கள். கொஞ்ச நாள் கிம்ப் அநாதையாக நின்றது. ஆனால் மூல நிரல் எல்லார் கையிலும் இருந்தது. முகம் அறியாத பலர் அதை எடுத்து நடத்தினார்கள். 1998-ல் 1.0 வந்தது, 2025-ல் 3.0 வந்தது. பெற்றவர்கள் இருவரும் 2015-ல் வேறொருவரோடு சேர்ந்து காக்ரோச் லேப்ஸ் என்ற நிறுவனம் தொடங்கினார்கள். எதனாலும் சாகாத ஜந்து என்பதால் அந்தப் பெயராம். நம் மெஸ்ஸில் சாப்பிட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை!

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். இலவசம் வேறு, கட்டற்றது வேறு. மெஸ்ஸில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுவது இலவசம். சமையல்காரர் பக்குவத்தையே எழுதிக் கொடுத்து, "நீயும் செய், மாற்றியும் செய், நாலு பேருக்குச் சொல்லிக்கொடு" என்றால் அது கட்டற்றது. கிம்ப் இரண்டாவது ரகம். வியன்னாவில் படித்த இர்ஃபான் ஸ்கில்யான் 1996-ல் வெளியிட்ட இர்ஃபான்வியூ முதல் ரகம். சொந்த உபயோகத்துக்குக் காசில்லை, ஆனால் நிரல் அவரிடமே இருக்கிறது. நல்ல மனிதர், இன்றும் கைவிடவில்லை. எல்லா இலவசமும் அப்படி அமைவதில்லை.

பிக்காசாவும் முதல் ரகமே. லைஃப்ஸ்கேப் என்ற நிறுவனம் செய்தது. 2004-ல் கூகுள் வாங்கி எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தது. அருமையான சாதனம், அதில் சந்தேகமே இல்லை. கணிப்பொறியில் எந்த மூலையில் படம் கிடந்தாலும் தேடி எடுத்து, தேதிவாரியாக அடுக்கிவிடும். 2009-ல் முகம் கண்டு பெயர் வைக்கும் வசதியும் வந்தது. 2016-ல் நிறுத்திவிட்டார்கள். நிரல் வெளியார் கையில் இல்லாததால், கிம்ப்புக்கு நடந்தது போல அதை எடுத்து நடத்த யாராலும் முடியவில்லை.

என் பெயர்கள் போனதற்குக் காரணம் என் அவசரம். பிக்காசா பெயர்களைத் தன் கணக்குப் புத்தகத்திலும், ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒளிந்திருக்கும் சிறு கோப்பிலும் எழுதிவைத்திருந்தது. கேட்டுக்கொண்டால் படத்துக்குள்ளேயே எழுதும் வசதியும் கடைசிப் பதிப்புகளில் இருந்தது. நான் கேட்கவில்லை. ஜேபெக் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு பழைய டிஸ்க்கை அழித்துவிட்டேன். படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதாமல், வேறொரு நோட்டில் எழுதிவிட்டு அந்த நோட்டைத் தொலைத்த கதை.

இப்போது டிஜிகாம் என்ற கட்டற்ற மென்பொருளில் மறுபடியும் ஆரம்பித்திருக்கிறேன். 2001-ல் தொடங்கிய வேலை, இன்றும் தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். முகத்தை நம் வீட்டுக் கணிப்பொறியிலேயே கண்டுபிடிக்கிறது. பெயரைப் படக்கோப்புக்குள்ளேயே எழுதச் சொல்லி, முதல் நாளே அந்தக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன்.

600 படத்தில் 400 ஆயிற்று. மூன்று நண்பர்கள் இன்று இல்லை; அவர்கள் பெயரைத்தான் முதலில் எழுதினேன். லைப்ரரி படிக்கட்டில் எடுத்த குரூப் போட்டோவில், பின்வரிசையில் இடமிருந்து நான்காவதாக, கட்டம் போட்ட சட்டையில் சிரித்துக்கொண்டு நிற்பவர் யார் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. 2010-ல் நானேதான் அவர் பெயரைத் தட்டியிருக்கிறேன். படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஆடிட்டோரிய வாசலில் ஒட்டப்போகிறேன். பக்கத்திலேயே ஒரு பேனாவும் இருக்கும்.