ஈயம் ஆறிய இரவு

"ஏஐ வந்துடுச்சே, உங்க வேலை போச்சா?" என்று மொழிபெயர்ப்பாளர் நண்பரிடம் விளையாட்டாகக் கேட்டேன். "போகல. முன்ன நான் மொழிபெயர்ப்பேன். இப்போ மெஷின் செஞ்சதைத் திருத்துறேன். காசு பாதிதான்" என்றார். சிரிப்பு வரவில்லை. அன்றிரவு நியூயார்க் அச்சுக்கோர்ப்பவர்களின் கதையைத் திரும்ப எடுத்து வாசித்தேன்.

1886ல் அந்நகரின் டிரிப்யூன் நாளிதழில் லினோடைப் எந்திரம் ஓடத் தொடங்கியது. விசையைத் தட்டினால் உருகிய ஈயம் முழு வரியாக வார்ந்து விழும். ஒவ்வொரு எழுத்தாகக் கையால் கோர்த்தவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும். ஆனால் அவர்களின் சங்கம் எந்திரத்தை உடைக்கப் போகவில்லை. 'அதை ஓட்டுறது எங்க ஆளாத்தான் இருக்கணும்' என்று பிடித்துக்கொண்டது. பத்திரிகைகளும் பெருத்துக்கொண்டே போனதால் தொழில் பிழைத்தது.

அடுத்து வந்தது கணினி. 1962 டிசம்பர் 8ல் பெர்ட்ராம் பவர்ஸ் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 114 நாள் நீடித்தது. சம்பளத்தோடு தானியங்கி முறையும் அதில் ஒரு பிரச்சினை. 1963லேயே மிரர் நாளிதழ் மூடப்பட்டது. பிறகு 1974ல் ஓர் ஒப்பந்தம்: முதலாளிகள் கணினியைக் கொண்டுவரலாம், நிரந்தர ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பக் கூடாது. 1978 ஜூலை தொடக்கத்தில் ஓரிரவு, நியூயார்க் டைம்ஸ் கடைசியாக ஈய எழுத்தில் அச்சானது. அந்த இரவு ஆவணப்படமாகவும் இருக்கிறது.

ஆட்கள் பிழைத்தார்கள். தொழில் பிழைக்கவில்லை. ஓய்வு பெற்றவர்களின் இடத்துக்குப் புதிதாக யாரும் வரவில்லை. 1852ல் தொடங்கிய அவர்களின் தேசியச் சங்கம் 1986ல் வேறொரு சங்கத்தோடு கலந்துவிட்டது. அந்த ஒப்பந்தத்தை வெற்றி என்பதா, கௌரவமான அடக்கம் என்பதா? இன்னும் எனக்குக் குழப்பம்தான்.

2023ல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் நிறுத்தம் செய்து, ஏஐயைப் பயன்படுத்தச் சொல்லி நிறுவனம் தங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று எழுதி வாங்கினார்கள். வாங்க முடிந்ததற்குக் காரணம், கேட்பதற்கு ஒரு சங்கம் இருந்ததுதான்.

என் நண்பருக்குக் கோப்பு மின்னஞ்சலில் வருகிறது. தனியாக வீட்டில் உட்கார்ந்து திருத்துகிறார். இதே வேலையை இன்னும் எத்தனை பேர் செய்கிறார்கள் என்று கேட்டேன்.

"யாரையும் தெரியாதுங்க" என்றார்.